செலவே இல்லாத முயல்

மோகன்ராஜ் பால் பாக்கெட்டைக் கத்தரித்து அடுப்பில் வைத்தான். முயல் கூண்டின் அடியிலிருந்த பழைய பேப்பரை உருவி, சுருட்டிப் போட்டு, வேறு பேப்பர் விரித்தான். தண்ணீர்க் கிண்ணத்தில் மிதந்த கரித்தூளைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினான். டீ குடித்தான். பிறகு அரிவாளையும் கட்டைப்பையையும் எடுத்துக்கொண்டு தண்டவாளத்துப் பக்கம் நடந்தான்.

மனைவி இளமதி இருந்தவரை முயலுக்குப் புல் அறுத்து வருவது அவளுடைய வேலை. முயலும் அவளுடையதுதான். கும்மிடிப்பூண்டி பஜாரில் கூடையோடு உட்கார்ந்திருந்தவர், "செலவே இல்லம்மா, புல்லுதான். எட்டு வருஷம் இருக்கும்," என்று சொல்லி விற்றார். வீட்டைச் சுற்றிப் புல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரும்பு உருக்கும் ஆலைகளின் கரி அதில் அப்பியிருந்தது. எத்தனை தண்ணீரில் அலசிப் போட்டாலும் முயல் முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். கேரட் போட்டால் வயிறு கழிந்தது. சுத்தமான புல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வயல் வரப்பில்தான் கிடைத்தது.

அங்கே எல்லோரும் ஒரே மாதிரிதான் கடப்பார்கள். கூட்ஸ் வந்தால் நிற்பார்கள். கடைசிப் பெட்டி தாண்டியதும் அதன் வாலை ஒட்டியே இறங்கிவிடுவார்கள். அடுத்த தண்டவாளத்தில் வரும் ரயிலை அந்தக் கூட்ஸ் மறைத்திருக்கும். அதன் சத்தத்தையும் விழுங்கியிருக்கும். ஆடி மாதம் இளமதியும் அப்படித்தான் இறங்கினாள். அவள் அறுத்த புல்லை யாரோ பையோடு கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். மறுநாள் முயல் அதைத் தின்றது.

பக்கத்து வீட்டு அரசப்பன், முயலைக் கொடுத்தால் மசாலா தன் பொறுப்பு என்று சொல்லிப் பார்த்தார். திருநின்றவூரிலிருந்து அக்கா தமிழ்செல்வி போனில் திட்டிக்கொண்டே இருந்தாள். நேற்று திட்டவில்லை, குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள்.

"அதுக்கு இன்னும் ஏழு வருஷம் கீதுடா. தெனம் நீ அந்த லைன தாண்டணும். ஒரு நாளு உன்னையும் துணில சுத்திக்கினு வருவாங்க. அதையும் நான் வந்து பாக்கணுமா?"



இன்று புல் அறுத்துத் திரும்பும்போது கூட்ஸ் வந்தது. நின்றான். நிலக்கரிப் பெட்டிகள் ஒவ்வொன்றாய்ப் போயின. கடைசிப் பெட்டி தாண்டியதும் கால் தானாக இறங்கியது. முதல் தண்டவாளத்தைக் கடந்தபோது செருப்புக்கடியில் ஜல்லி நடுங்கியது. நின்றுவிட்டான். முகத்துக்கு நேரே எக்ஸ்பிரஸ் ஒன்று கிழித்துக்கொண்டு போனது. பையிலிருந்த புல்லில் பாதியைக் காற்று வாரிக்கொண்டது.

இன்று மட்டுமல்ல, இத்தனை நாளும் தான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல்தான் இறங்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பயம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே நிற்கையில் போன் அடித்தது. அக்கா. எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். தொலைவில் இன்னொரு கூட்ஸ் ஊதியது.

இளமதி கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்ட எல்லோரிடமும், சாப்பிட்டாயா என்று கேட்டதாகச் சொல்லிவைத்திருந்தான். அவளும் இங்கிருந்துதான் பையும் கையுமாக போன் செய்தாள். அக்காவுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அன்று இளமதி நிஜமாகச் சொன்னதுதான் நாக்கில் வந்து நின்றது.

"புல்லு அறுத்துட்டேன். கூட்ஸ் போனதும் வந்துட்றேன், கதவ தெறந்து வை."