பிள்ளைக்காம்பரா முற்றத்துக்கு எத்தனை மணித்தியாலம்?

1999ஆம் ஆண்டு, கொட்டகலைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஓர் அதிகாரி கொழும்பிலிருந்து வந்தார். கொழுந்து பறிக்கும் பெண்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவின் பின்முற்றத்தை எவ்வளவு ஆழத்துக்குச் சுத்தப்படுத்துவது என்று தீர்மானிப்பது அவருடைய வேலை. வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே பெற்றோல்மக்ஸ் விளக்குக்கு வலை செய்யும் பட்டறை இருந்தது. வலையைத் தோய்த்த தோரியத்தின் கழிவு மண்ணில் கலந்து இன்னமும் கதிர்வீச்சை உமிழ்ந்துகொண்டிருந்தது.

முற்றத்தில் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆட்கள் தங்கினால் ஓரடி ஆழத்துக்கு மண்ணை அகற்ற வேண்டும். ஒருவரும் தங்காவிட்டால் எச்சரிக்கைப் பலகை நட்டால் போதும். இதுதான் விதி. எழுத்தறியாத குழந்தைகளைப் பலகை காக்குமென்று நம்பியவரை, முப்பத்திரண்டு ஆண்டுகள் கற்பித்த நான் மன்னிக்க மாட்டேன்.

மண்ணை அகற்றக் கேட்டு ஏழு மனுக்களை என்னிடம் எழுதுவித்தவள், பிள்ளைகளைப் பராமரிக்கும் மீனம்மா. விதியை முதல்நாளே அவளுக்கு இருமுறை விளக்கியிருந்தேன். பிள்ளைகள் எவ்வளவு நேரம் முற்றத்தில் இருப்பார்கள் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். கையில் கடதாசியோடு வருபவர் குற்றம் பிடித்து, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் சொல்லவே வருவார் என்பது தோட்டத்தில் ஊறிப்போன பயம். மீனம்மா சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“ஒரு நிமிசங்கூட இல்லீங்க ஐயா. ஒரு புள்ளையையும் வெளிய விடமாட்டேன்.”

அங்கே எவரும் சும்மா நிற்பதில்லையென்று கங்காணி சிவசாமியும் சாட்சி சொன்னார். அந்தப் பொய்களை, நெஞ்செரிய, பிழையறச் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி பூச்சியம் என்று எழுதினார்.

அப்போது பத்துமணிச் சங்கு ஊதியது. வழக்கம்போலப் பின்கதவு திறந்தது. பதினெட்டுப் பிள்ளைகள் முற்றத்தில் குந்தி மண் பிசைந்தார்கள். மூன்று வயதுத் தனுஷிகா வட்டமாகத் தட்டிய மண்ரொட்டி ஒன்றை அதிகாரியிடம் நீட்டினாள். அவர் கதிர்வீச்சு அளக்கும் கருவியை அருகே கொண்டுபோனதும் அது படபடவென்று பொரிந்தது.

“வெந்துருச்சு, சாப்பிடுங்க” என்றாள் தனுஷிகா.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மீனம்மாவைப் பார்த்தேன். அவளோ அந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காலையில ரெண்டு, பின்னேரம் ரெண்டு. நாலு மணித்தியாலம்னு எழுதச் சொல்லுங்க மாஸ்டர். தொரைக்கு மட்டும் தெரிய வேணாம்.”

அதிகாரி பூச்சியத்தை வெட்டினார். ஓரடி என்று தீர்மானமாயிற்று.

மண் அள்ளிய மூன்று வாரமும் பிள்ளைகளைத் துரையின் பங்களா விறாந்தையில் வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளையும் விறாந்தையை விட்டு இறங்காதென்று மீனம்மா துரைக்கு உறுதியளித்தாள். அவருடைய ரோசாப் பாத்திகளிலிருந்து நாள்தோறும் ரொட்டி வந்துகொண்டிருந்தது.