கோட்டை விடாத ஜெசிந்தா

எங்கள் ஊரில் படிப்பைக் கோட்டை விட்ட பிள்ளைகளுக்கு, டிசி கொடுப்பதற்கு முன்னால் ஒரு கோட்டையைக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒரு வாரம் அதை விடாமல் வைத்திருந்தால் பள்ளியில் தொடரலாம். விட்டால் டிசி. நியாயமான ஏற்பாடுதான்.

தினமும் மதிலேறிக் குதித்துக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு ஜெசிந்தாவுக்கு மலைமேல் இருக்கும் பழைய கோட்டை வந்தது. டிசி வாங்கினால் நேரே திருப்பூர் பனியன் கம்பெனிதான் என்று சித்தி சொல்லியிருந்தாள். ஜெசிந்தாவுக்குப் போக விருப்பமில்லை. பயமாகக்கூட இருந்தது.

கோட்டையோ அவளுக்கு மேல். மதியமானால் கிளம்பிப் போய்ப் பேருந்து நிலையத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். பேருந்துகள் சுற்றிக்கொண்டு போகும். ஜெசிந்தா தொண்டை வற்றத் திட்டி இழுத்து வருவாள்.

"ஏன் இப்படிப் பண்றே?"

"வர்றவங்க எல்லாரும் எந்த ராஜா கட்டினாருன்னுதான் கேக்கறாங்க. நல்லா இருக்கியான்னு ஒருத்தரும் கேக்கல" என்றது கோட்டை.

ஜெசிந்தாவுக்கு மனசு கேட்கவில்லை. தன் மாங்காயில் பாதியைக் கொடுத்தாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தே ஊர் சுற்றினார்கள்.

கடைசி நாள் காலையில் கோட்டை வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிவிட்டது. பிடித்து நிறுத்த முடியவில்லை.

"போறதுன்னா போ. என்கூட வா" என்று ஜெசிந்தா அதைப் பள்ளிக்கூடத்துக்கே கூட்டிப் போனாள். கோட்டை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது.

தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் வந்து பார்த்தார்.

"விடல டீச்சர். கையோட கூட்டிட்டு வந்துட்டேன்" என்றாள் ஜெசிந்தா.

"சரி. அதுக்கு யூனிஃபார்ம் எங்கே? நாளைக்கு ரெண்டு பேரும் வீட்டுப் பெரியவங்களோட வந்தாத்தான் உள்ளே. இல்லேன்னா டிசிதான்."

ஜெசிந்தாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்தி வரமாட்டாள். வேறு யாரும் அவளுக்கு இல்லை.

மறுநாள் காலையில் பள்ளி வாசலில் மலை நின்றுகொண்டிருந்தது. குனிந்து, வராண்டாவில் யார் மேலும் இடித்துவிடாமல், எஸ்தர் டீச்சரின் அறைக்குள் வந்தது.

"ரெண்டு பிள்ளைகளுக்கும் நான்தாம்மா வந்திருக்கேன்."

"நீங்க என்ன உறவு?"

"பெரியப்பா" என்றது மலை.

எஸ்தர் டீச்சர் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.