கேளம்பாக்கம் முனை திரும்பியாச்சு

அஸ்தினாபுரம் சுப்ரமணியனுக்கு ஆங்கிலத்தில் தெரியாதது எதுவும் இல்லை. அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர், சொந்தச் செலவில் ஆங்கில மரபுத்தொடர் அகராதி ஒன்றும் போட்டிருந்தார். சொல்லுக்குச் சொல் வைப்பது குமாஸ்தா வேலை, ஆங்கிலேயனின் கோட்டைக் கழற்றி வேட்டி கட்டிவிடுவதே மொழிபெயர்ப்பு என்று அதன் முன்னுரை முழங்கியது. முன்னுரையைத் தாண்டி யாரும் படித்ததாகத் தகவல் இல்லை.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, கோவளத்து மீனவர்களுக்கு உதவ வந்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தன் ஆலோசகர் கால்வர்ட்டின் பேச்சைத் தமிழில் சொல்ல அவரைக் கூப்பிட்டது.

"அவர் சொல்றதை மட்டும் சொல்லிட்டு வாங்கோ. நடுவுல உங்க கவிதையெல்லாம் வேண்டாம்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினாள் மனைவி காமு.

குப்பத்தின் நிலைமை இதுதான். நிறுவனம் எல்லாருக்கும் பைபர் படகு கொடுத்திருந்தது, எஞ்சின் கொடுக்கவில்லை. படகுகள் மணலில் குப்புறக் கிடந்தன, நிழலுக்கு நாய்கள் ஒதுங்கின. அறிக்கைகளில் இதற்கு வாழ்வாதார மீட்பு என்று பெயர். கேளம்பாக்கத்தில் வேறொரு டிரஸ்ட் எஞ்சின் தர முன்வந்தது, ஆனால் வேறு யாரிடமும் எஞ்சின் எதிர்பார்க்காதவர்களுக்கு மட்டும். பெயர் கொடுக்க அன்று மாலையே கடைசி. சட்டைப் பையில் ரேஷன் கார்டோடு ஆண்கள் தயாராக இருந்தார்கள்.

அம்மன் கோயில் எதிரே பந்தல் போட்டிருந்தது. கால்வர்ட் நாற்காலியில் அமர்ந்ததுமே மீன் விற்கும் கங்கம்மா எழுந்துவிட்டாள்.

"சார், சுத்தி வளைக்காம கேளு அவராண்ட. எஞ்சின் வருமா, வராதா? வராதுன்னாலும் சொல்லிடட்டும், கோச்சிக்க மாட்டோம். கேளம்பாக்கம் போய் பேர் குடுத்துடுவோம்."

சுப்ரமணியன் இதை ஒரு பத்தி அளவுக்கு ஆங்கிலமாக்கினார். கால்வர்ட் நெஞ்சில் கை வைத்தார். "வீ ஆர் லுக்கிங் இன்டு இட்."

பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தால் போதும். சுப்ரமணியன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்கள் குறையை எங்கள் கண்ணுக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!"

பின்வரிசையில் கை தட்டினார்கள். வகுப்பில் மாணவர்கள் தூங்கி விழுந்ததைத் தவிர வேறு வரவேற்பை அறியாத மனிதருக்கு அது சாராயம் மாதிரி ஏறியது.

"பாக்கறது இருக்கட்டும். வருமா?" என்றாள் கங்கம்மா.

பந்து இப்போது நன்கொடையாளர்களின் ஆடுகளத்தில் இருக்கிறது என்றார் கால்வர்ட். டென்னிஸ் பந்துக்குக் கோவளத்தில் என்ன வேலை? சுப்ரமணியன் அதை ஓரமாகப் போட்டுவிட்டு, "வலை கடலில் இறங்கிவிட்டது, இழுப்பதுதான் பாக்கி!" என்றார்.

விசில் பறந்தது.

"இயுக்க எத்தினி நாளாவும் வாத்தியாரே?" என்று கத்தினான் பரணி. கங்கம்மாவின் மகன்.

"ஜஸ்ட் அரவுண்ட் தி கார்னர்" என்றார் கால்வர்ட். இதையே அவர் வேறு பல கடற்கரைகளிலும் சொல்லியிருந்தார். அந்த முனையை இதுவரை யாரும் கண்டதில்லை.

அகராதியில் அதற்குக் 'கூப்பிடு தூரம்' என்று போட்டிருந்தது. ஆனால் விசிலுக்குப் பிறகு கூப்பிடு தூரம் சப்பென்று இருக்காதா? மண்ணின் வாசனை வேண்டாமா?

"கேளம்பாக்கம் முனை திரும்பியாச்சு!"

குப்பமே எழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

"லாரிக்காரன் வயி தெரியாம கோவளம் தாண்டிப் பூட்டா பேஜாரு. நான் போய் இட்டாறேன்!" பரணி பைக்கை உதைத்தான்.

"தம்பி, அது வந்து... ஒரு மரபுத்தொடர்..." என்று சுப்ரமணியன் ஆரம்பிப்பதற்குள் பைக் சவுக்குத் தோப்பைத் தாண்டிவிட்டது.

"அப்ப அங்க பேர் குடுக்க வாணாம். ரெண்டும் கெட்டுப்புடும்" என்றாள் கங்கம்மா. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஆண்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்.

இப்போதே எழுந்து சொல்லிவிடலாம். சொன்னால் அகராதியாசிரியர் உளறினார் என்றாகும். சொல்லாவிட்டால் பைக் திரும்பி வரும். கால்வர்ட் திறன் மேம்பாடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சுப்ரமணியன் அதை இப்போது சொல்லுக்குச் சொல், குமாஸ்தாவைப் போலவே மொழிபெயர்த்தார். யாரும் கேட்கவில்லை, எல்லாருடைய கண்ணும் சாலையில் இருந்தது. அவருடையதும்தான். பந்தல் நிழல் நீண்டு மணலில் இறங்கியது.

பைக் தனியாக வந்தது.

"லாரியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. டீக்கடை டீக்கடையா கேட்டுக்கினு வரேன்" என்றான் பரணி. "அந்த டிரஸ்ட்டு ஆபீசுல மேசை நாற்காலியெல்லாம் உள்ள எடுத்து வச்சிக்கினு கீறாங்க."

ஆட்கள் இருவரையும் சூழ்ந்தார்கள். கூட்டம் முடிந்தது என்று நினைத்த கால்வர்ட் எல்லாரையும் கும்பிட்டபடி வேனை நோக்கி நடந்தார். அவருக்கு வழி விட்டார்கள். பின்னாலேயே நழுவப் பார்த்த சுப்ரமணியனுக்கு விடவில்லை.

"வெள்ளக்காரரு போவட்டும். நீ குந்து" என்றாள் கங்கம்மா.

"அம்மா, நான் வெறும் மொழிபெயர்ப்பாளர். அவர் சொன்னதைத்தான்..."

"அவரு இன்னா சொன்னாரோ யாரு கண்டா? எங்க காதுல வுயுந்தது உன் சொல்லு. அம்மன் எதிர்ல நின்னு சொன்னவன்தான் அதுக்குப் பொறுப்பு. எஞ்சின் வர வரிக்கும் இங்கயே இரு. சோறு போடறோம்."

"மீனு துன்னுவியா வாத்தியாரே?" என்று அக்கறையாக விசாரித்தான் பரணி.

வேன் ஜன்னலிலிருந்து கால்வர்ட் கட்டை விரலை உயர்த்தினார். மக்களுக்கு உங்களை ரொம்பப் பிடித்துவிட்டது போலிருக்கிறதே என்று ஆங்கிலத்தில் பூரித்தார். சுப்ரமணியனின் இரண்டு தோள்களையும் பிடித்திருந்தவர்களைப் பார்த்தால் அது உண்மைதான்.

அவர்களையும் இழுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார் சுப்ரமணியன். வாழ்நாளில் முதல்முறையாக மூன்றாம் வகுப்புப் பையனின் ஆங்கிலத்தில் கேட்டார்: "சார், எஞ்சின். எஸ் ஆர் நோ?"

கால்வர்ட் வானத்தைப் பார்த்தார். "வெல், ஐ வுடன்ட் ஹோல்ட் மை ப்ரெத்."

மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கமாட்டேன். அகராதியில் இதற்கு இரண்டு மொழியாக்கங்கள் இருந்தன. ஒன்று எதுகையோடு. இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன. எதிரே கங்கம்மா இமைக்காமல் நின்றாள்.

"வராது" என்றார் சுப்ரமணியன்.

யாரும் கை தட்டவில்லை.

"இத்தச் சொல்ல இம்மா நேரமா?" என்றாள் கங்கம்மா. அடுத்த கணம் புடவையை இழுத்துச் செருகினாள். "டேய், ஏறுங்கடா வண்டில!"

குப்பமே வேனுக்குள் புகுந்தது. டிரைவர் பக்கத்துத் திருப்போரூர்க்காரர், யாரையும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினார். இடுக்கில் நசுங்கிய கால்வர்ட் மக்கள் பங்கேற்பு என்று முணுமுணுத்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். சுப்ரமணியனின் மடியில் யாரோ காலி மீன் கூடையை வைத்தார்கள். கூடை முழுக்கக் காலியாக இல்லை.

வண்டி கேளம்பாக்கம் முனை திரும்பியது. டிரஸ்ட் கதவில் ஒரு பக்கம் சாத்தியாகிவிட்டது. மறுபக்கத்தைச் சாத்த வந்தவரின் கையை, வண்டி நிற்பதற்குள் குதித்த பரணி பிடித்துக்கொண்டான். "அண்ணா, அண்ணா, ஒரு நிமிசம்ணா!" ஆண்கள் சட்டைப் பையில் கை விட்டபடி ஓடி வரிசையானார்கள். அவர் மேசையைத் திரும்ப வெளியே இழுத்தார்.

ஜன்னல் வழியே கால்வர்ட் தலையை நீட்டி, உணர்ச்சி பொங்க, நீளமாக ஏதோ பேசினார்.

வரிசையிலிருந்து கங்கம்மா திரும்பினாள். "இன்னா சார் சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லலைம்மா" என்றார் சுப்ரமணியன்.