உடையாத கண்ணாடி

துடைக்கத் துடைக்க முகம் மங்கிக்கொண்டே போனது.

முதலில் அவள் தூசி என்றுதான் நினைத்தாள். கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த படத்தை இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, உலர்ந்த துணியால் இன்னும் அழுத்தித் துடைத்தாள். மூக்கு இருந்த இடத்தில் புகை மாதிரி ஒன்று எழுந்து நின்றது. கறை வெளியே இல்லை, உள்ளே இருந்தது. அது கறையும் இல்லை. அவள் கணவருடைய முதல் மனைவியின் முகம்.

அதை வரைந்தது கணவரின் மகள். சின்னப் பெண்ணாக இருந்தபோது, நோயில் கிடந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்த படம். இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள், இன்று விடுமுறைக்கு வருகிறாள். சித்தியாக இந்த வீட்டுக்குள் வந்தவளை அந்தப் பெண் ஒரு நாளும் சித்தி என்று கூப்பிட்டதில்லை. சாம்பார் வேண்டுமென்றாலும் "இங்க பாருங்க"தான்.

பழைய ஃப்ரேமின் மூலை விட்டுப்போய்க் கண்ணாடியில் விரிசல் விழுந்தபோது, புது ஃப்ரேம் போட்டு வைத்தால் பெண் சந்தோஷப்படுவாள் என்று ஆசைப்பட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை தூங்குகிற தலைமாட்டில் கண்ணாடி தொங்க வேண்டாம் என்று, உடையாத பிளாஸ்டிக் ஷீட்டாகக் கேட்டு வாங்கினாள். பெண் வரும்போது பளபளவென்று இருக்கட்டும் என்று தினமும் துடைத்தாள்.

படத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஃப்ரேம் கடைக்கு ஓடினாள்.

கடைக்கார அக்கா பின்பக்க ஆணிகளைக் கழற்றி ஷீட்டை மெல்லத் தூக்கினாள். உதட்டுச் சிவப்பு ஷீட்டோடு வந்தது.

"ஐயோ, இது கலர் சாக்பீஸ்ல போட்டதுங்க! வாட்டர் கலர்னுதானே சொன்னீங்க?"

"எனக்கென்னக்கா தெரியும்? கலரா இருந்துச்சு, சொல்லிட்டேன்."

"நானாவது விரலை வெச்சுப் பார்த்திருக்கணும்." அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "சாக்பீஸ் படத்துக்கு பிளாஸ்டிக்கே ஆகாது. தேய்ச்சா சீப்பு மாதிரி இழுக்கும். தலை வாரின சீப்பு காகிதத்த இழுக்குமே, அந்த மாதிரி. இதுல நடுவுல இடைவெளி விடற மவுண்ட் அட்டையும் வெக்கல, ஷீட்டு தாளோட ஒட்டியே இருந்திருக்கு. எப்பவாச்சும் தேய்ச்சீங்களா?"

"தினமும்."

அக்கா ஷீட்டில் ஒட்டியிருந்த வண்ணப் பொடியைத் திருப்பிக் காட்டினாள். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"அந்தப் பொடிய எடுத்துத் திரும்ப வெக்க முடியாதா?"

"அது என்ன நெத்திப் பொட்டா, எடுத்து ஒட்டறதுக்கு?"

"அக்கா, நான் வேணும்னே பண்ணினேன்னு நினைப்பா. அவ அம்மா மூஞ்சிய நான் அழிச்சுட்டேன்னு. நான் அந்த வீட்டுல எப்படிக்கா இருப்பேன்?" அடுக்கி வைத்திருந்த மரச்சட்டங்கள் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா அவளை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "அழாதீங்க. என் கொழுந்தன் போர்டு எழுதறவன், ஆளையே அச்சா வரைவான். ஒரு மணி நேரம் குடுங்க. வித்தியாசமே தெரியாது."

அவள் சரி என்றாள். அந்த நேரத்தில் எதற்கும் சரி என்றிருப்பாள்.

கொழுந்தன் வந்தார். தாளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "மூக்கு, உதடெல்லாம் விடுங்க, பண்ணிடலாம். இந்த இடது கண்ணுதான் பாதி மூடிக் கோணலா இருக்கு. சின்னப் பிள்ளை வரைஞ்சதுதானே? அதையும் சேர்த்து சரி பண்ணிடறேன்." கறுப்புச் சாக்பீஸைக் கூர்மையாக்கினார்.

"வேணாம்!"

கத்திவிட்டாள். அவர் கை அப்படியே நின்றது.

"அது கோணல் இல்லீங்க. அவங்களுக்கு அந்தக் கண்ணு முழுசா திறக்காதாம். கடைசில அப்படித்தான் இருந்தாங்களாம். ஒருநாள் அவளே என்கிட்ட சொன்னா." அந்தப் பெண் அவளிடம் தானாகச் சொன்ன விஷயங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று. "எதையும் தொடாதீங்க. அவ வரட்டும்."

போனை எடுத்தாள். "பஸ் இறங்கினதும் நேரா ஃப்ரேம் கடைக்கு வந்துடும்மா. உங்கம்மா படத்த நான் கெடுத்துட்டேன்." வேறெதுவும் சொல்ல வரவில்லை. மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மகள் தோளில் பையோடு வந்தாள். மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள்.

"என்ன பண்ணினீங்க?"

"துடைச்சேன்."

"எதுக்கு?"

"நல்லா இருக்கட்டும்னு. நீ வர்றப்போ..."

"ஏன் என்னைக் கேக்கல? ஒரு போன் பண்ண முடியாதா? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"ஆமா, பயம்தான்" என்றாள் அவள். "உன்கிட்ட எனக்கு எப்பவும் பயம்தான்."

மகள் வெடுக்கென்று திரும்பிப் பார்த்தாள். கடைக்கார அக்கா இதுதான் சமயம் என்று நடுவில் புகுந்தாள்: "இவன் கண்ணை நேராக்கறேன்னான். இவங்க போட்ட சத்தத்துல சாக்பீஸே உடைஞ்சுபோச்சு."

கொழுந்தன் தரையைப் பார்த்தார்.

மகள் தாளில் அந்தப் பாதி மூடிய கண்ணைக் குனிந்து பார்த்தாள். கடைசியில் அக்காவிடம் கேட்டாள்: "மிச்சம் இருக்கிறதாச்சும் நிக்குமா?"

"நிக்கும். கனமா மவுண்ட் வெச்சு, தாளு கண்ணாடியத் தொடாம போட்டுத் தரேன். வெயில் படாத சுவத்துல, ரெண்டு கொக்கி அடிச்சு மாட்டுங்க. தூசி தட்டணும்னா வெளிப்பக்கம் மெல்ல, அவ்வளவுதான். நான் ஃப்ரேம் போட்டு முடிக்கற வரைக்கும் படத்த யாரும் தொடக்கூடாது."

"அந்த பிளாஸ்டிக்கையும் குடுங்க. தூக்கிப் போட்டுடாதீங்க. அதுலதான் மூக்கு இருக்கு." சொல்லும்போது மகளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, பாதியில் அழுகையானது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அவள் எழுந்து மகளின் தோளைத் தொடக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. இன்று அந்தக் கை தொட்டதெல்லாம் போதும் என்று தோன்றியது.

மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"படத்தத்தான் தொடக்கூடாதுன்னாங்க" என்றாள் மூக்கை உறிஞ்சியபடி.