பன்னிரண்டு மணிக்காரர் பந்தியில் இருந்தார்

சௌந்தரத்துக்கும் ஆண்டவருக்கும் நடுவில் மூன்றாம் ஆளுக்கு இடம் கிடையாது. கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொன்னது அவர்தானே என்பாள். தினமும் விடியலில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் அவரோடு பேசுவாள். ஞாயிறன்று சபையே சேர்ந்து ஜெபிக்கும்போது மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். கூட்டத்தோடு கத்தினால் யார் குரல் யாருக்குக் கேட்கப்போகிறது என்று ஒரு எகத்தாளம்.

அப்பேர்ப்பட்டவளைச் சங்கிலி ஜெபத்தில் மாட்டிவிட்டார் கடலூர் முதுநகர் போதகர். ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆலயத்தில் ஜெபிக்க வேண்டும். அடுத்தவர் வந்து முழங்கால் போடும்வரை எழுந்திருக்கக் கூடாது, சங்கிலி அறுந்துவிடும். தனியாகத்தானே என்று சௌந்தரமும் பதினொரு மணிக்குப் பெயர் கொடுத்தாள். பன்னிரண்டுக்கு, சபையின் கொயரில் பாடும் ராஜமாணிக்கம்.

பன்னிரண்டே காலாகியும் அவரைக் காணோம். மருமகன் அருண்பாண்டியனின் போன்தான் வந்தது.

"அத்த, வினோதினிக்கு வலி வந்துடுச்சு. சிதம்பரத்துல ஆஸ்பத்திரியில சேத்துட்டேன். டாக்டரம்மா மொகமே சரியில்ல, சீக்கிரம் வாங்க."

முழங்காலில் இருந்தபடியே ராஜமாணிக்கத்தை அழைத்தாள்.

"அக்கா, மஞ்சக்குப்பத்துல ஃப்ரெண்டு ஊட்டுக் கல்யாணம். பந்தியில உக்காந்துட்டேன். இப்பதான் பிரியாணி வெச்சாங்க, அஞ்சே நிமிஷம்..."

"எலையில உக்காந்துகிட்டே ஆரம்பிங்க! எம்பொண்ணு பிரசவத்துல கெடக்குறா, நான் பஸ் ஏறப்போறேன்!"

ஏறியும் விட்டாள். கண்ணை மூடினாள். முப்பது வருஷமாக மடை திறந்தாற்போல் கொட்டிய ஜெபம், "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு சொல் நகரவில்லை. ஆலப்பாக்கம் தாண்டியும் அதே "ஆண்டவரே"தான். பயம் அவள் நாக்கைக் கட்டிப்போட்டுவிட்டது.

மறுபடி ராஜமாணிக்கம்.

"அக்கா, நான் சத்தமா ஜெபிச்சேனா, பக்கத்து எலைக்காரரு என்ன ஏதுன்னு கேட்டாரு. சொன்னேன். இப்ப பந்தியே கைகூப்பி நிக்குது! சமையல்காரர் உத்திராபதி கரண்டியோட நிக்கிறாரு. பொண்ணு பேரக் கேக்குறாங்க."

"வினோதினி," என்றவள் உடைந்துபோனாள். "எனக்கு ஒரு வார்த்தகூட வரல தம்பி. நீங்கல்லாம் எனக்காகச் சொல்லுங்க."

காதில் நூறு பேர் வினோதினி என்றார்கள். ஆமென் தெரிந்தவர்கள் ஆமென் போட்டார்கள், தெரியாதவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறையை இறக்கிவைத்தது போலிருந்தது.

பஸ் புதுச்சத்திரத்தை நெருங்கும்போது மருமகன் அழைத்தான். "அத்த! பொட்டப் புள்ள! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க!"

சௌந்தரம் எழுந்தே நின்றுவிட்டாள். சிரிப்பும் அழுகையும் கட்டிப்புரண்டு வந்தன. பஸ்ஸில் ஒருவர் விடாமல் சொன்னாள். கண்டக்டர் சந்தோஷத்தில் விசிலை ஊதித் தொலைக்க, டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

ராஜமாணிக்கத்திடம் சொன்னதும் பந்தியில் எழுந்த ஆரவாரம் போனைப் பிய்த்தது.

"அக்கா, ஒரு ஸ்தோத்திரப் பாட்டு பாடிட்டு சாப்புடுறோம்."

"பாடுங்க. போன மட்டும் வெச்சிடாதீங்க தம்பி, நானும் உங்களோட பாடுறேன்."