எழுபது எப்படி வந்தது?

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

என் நாத்தனார் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். கடைக்குப் போய்விட்டு மூன்று மாடி ஏறி வந்த நான் சோபாவில் பொத்தென்று விழுந்து, "படி ஏறினாலே நெஞ்சு படபடங்குது" என்றேன். சும்மா இருப்பாளா? என் மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ண ஆரம்பித்தாள். ஒரு நிமிடம் முழுக்க விடவே இல்லை.

"என்ன, போயிடுவேனா?"

"உங்களுக்கு ஒண்ணுமில்ல அண்ணி. நடக்காம உக்காந்தே எழுதறீங்க, அதான்."

கையை விட்ட பிறகும் அவள் முகம் சரியில்லை. டீ போட்டுக் கொடுத்து மெல்லத் துருவியதில், ஏழு வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். கல்லூரியில் படிக்கும்போது ரெக்கார்டு நோட்டில் அவள் எழுதிய ஒரு எண் ஒரு தோழியின் உயிருக்கே உலை வைத்திருக்கலாம். இப்போதும் வைக்கலாம். அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

"இதை எழுதட்டுமா?" என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது? எழுதுகிறவர்களுக்கு வெட்கம் கொஞ்சம் கம்மி. "எழுதுங்க. பேர் மட்டும் போடாதீங்க" என்றாள்.

2

முதல் தொடக்கம்:

அதிகாலைப் பனியில் மைதானம் நனைந்து கிடந்தது. நாளைய தலைமுறையை உருவாக்கப்போகும் இருபத்தெட்டு இளம் நெஞ்சங்கள்

(போதும். 'இளம் நெஞ்சங்கள்' என்று எழுதிய கையை நானே அடித்துக்கொண்டேன்.)

இரண்டாவது தொடக்கம்:

உடற்கல்வி என்பது வெறும் விளையாட்டு அல்ல. உடலை அறிவதும், அறிந்ததைப் பிள்ளைகளுக்குக்

(இதை அனுப்பினால் கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு கிடைக்கும்.)

உண்மையைச் சொன்னால், எனக்கு இந்தப் படிப்பைப் பற்றி மண்ணும் தெரியாது. பள்ளியில் விளையாட்டு வகுப்பு வந்தாலே எனக்கு வயிற்று வலி வந்துவிடும். ஒரு பந்து, ஒரு விசில், நல்ல தொண்டை, இவ்வளவு இருந்தால் வாத்தியார் ஆகிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நாத்தனார் சிரித்தாள். இருநூற்றாறு எலும்புக்கும் பெயர் தெரிய வேண்டுமாம். சுளுக்குக்குக் கட்டுப் போட வேண்டும், பாடத்திட்டம் எழுத வேண்டும், பற்சொத்தை முதல் மனச்சோர்வு வரை உடல்நலப் பாடம் நடத்த வேண்டும்.

மாதிரி வகுப்பு என்று ஒன்று உண்டாம். ஒருவர் பாடம் நடத்த, மற்ற இருபத்தேழு பேரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். தாடி வைத்த தடியன் ஒருவன் எழுந்து, "டீச்சர், இவன் என்னைக் கிள்றான்" என்று அழுவானாம். (இதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை. அன்று அவள் வாய்விட்டுச் சிரித்தது இந்த ஒரு இடத்தில்தான், வெட்ட மனம் வரவில்லை.)

மூன்றாவது தொடக்கம்:

குதிரைவாலுக்கு எண்ணத் தெரியும்.

(இது பரவாயில்லை. இங்கிருந்தே போகலாம்.)

3

குதிரைவாலுக்கு எண்ணத் தெரியும். முடியை உச்சியில் இழுத்துக் கட்டுவதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது. ஓட்டத்தில் அவள் சுமார்தான். ஆனால் சுண்ணாம்புப் பொடியில் ஓடுபாதைக்குக் கோடு போடுவதிலும், நேரம் குறிப்பதிலும், ஸ்கோர் எழுதுவதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இரண்டாவது பருவத்தில் 'சோதனையும் அளவீடும்' என்று ஒரு பாடம். நடத்தியவர் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்காமல் யாரும் பார்த்ததில்லை, சாப்பிடும்போதுகூட. அதனால் அவர் ஸ்டாப்வாட்ச் சார். அவர் கொடுத்த செய்முறை இது: இரண்டு இரண்டு பேராகச் சேர வேண்டும். தினமும் காலையில் பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, ஒருவர் நாடியை மற்றவர் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி, நாலால் பெருக்கி, நோட்டில் எழுத வேண்டும். முப்பது நாள்.

குதிரைவாலுக்கு வாய்த்த ஜோடி ஒட்டகம். நீளக் கால், ஒரே மூச்சில் பாட்டில் தண்ணீரைக் காலி செய்கிற தொண்டை. வகுப்பின் முதல் ஓட்டக்காரி. படிப்பு முடிந்ததும் ஆசிரியையாகச் சேர்த்துக்கொள்வதாக ஒரு பள்ளி அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தது.

முதல் நாள் பதினெட்டு. நாலால் பெருக்கினால் எழுபத்திரண்டு. புத்தகத்தில் இருப்பது போலவே வந்தது. இரண்டாம் நாள் பதினைந்துதான் வந்தது. விரல் நழுவிவிட்டது என்று மறுபடி எண்ணினாள். இருபது. முதலாவது அறுபதைக் காட்டியது, இரண்டாவது எண்பதைக் காட்டியது. ஒரே கை, ஒரே காலை, நடுவில் இரண்டு நிமிடம்கூட இல்லை. இடையில் ஒரு துடிப்பு வர வேண்டிய நேரத்தில் வரவில்லை, அடுத்தது பலமாக இடித்தது. எனக்குத்தான் நாடி பிடிக்கத் தெரியவில்லை என்று அவள் முடிவு செய்தாள். அறுபதையும் எண்பதையும் கூட்டி இரண்டால் வகுத்தாள். எழுபது. அதை எழுதினாள்.

முப்பது நாளும் இந்தக் கூத்துதான். சரியாக வந்த நாளில் அப்படியே எழுதினாள். தாறுமாறாக வந்த நாளில் சராசரி போட்டாள். எழுபது, எழுபத்திரண்டு, எழுபத்துநாலு, எழுபது. நோட்டு பார்க்க அழகாக இருந்தது.

இங்கே ஒரு அடிக்குறிப்பு வேண்டும். அவர்கள் பாடப்புத்தகத்தில் அதே பக்கத்தின் கீழே ஒரு வரி உண்டு. துடிப்பு சீராக இல்லையென்றால் ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும், அதைக் குறித்து வைக்க வேண்டும், மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். குதிரைவாலுக்கு அந்த வரி தெரியும். மாதத் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்தது. எழுதி இரண்டுக்கு இரண்டு வாங்கினாள். மறுநாள் காலை ஒட்டகத்தின் கையைப் பிடித்துச் சராசரி போட்டாள். கேள்வித்தாளில் வந்ததுதான் தன் விரலுக்கடியில் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இதைக் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது.

4

ஒட்டகத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வரைவில் அவள் ஒன்றுமறியாதவளாக இருந்தாள். நாத்தனாருக்குப் படித்துக் காட்டினேன். "இல்ல அண்ணி, அவளுக்குத் தெரியும்" என்றாள். அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

இருபத்துமூன்றாம் நாள் குதிரைவால் விளையாட்டாகக் கேட்டாள்: "உன் நாடி என்னடி, நடுநடுவுல லீவு போடுது?"

ஒட்டகம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"எதைடி?"

"சின்ன வயசுல இருந்தே அப்பப்ப இப்படித்தான். ஓடறப்ப ஒண்ணும் தெரியாது. நின்னப்புறம் சில நேரம் கண்ணு இருட்டிட்டு வரும். ரெண்டு நிமிஷம் உக்காந்தா சரியாயிடும்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினா எழுதிக் குடுத்திடுவாரு. ஓடக் கூடாதுன்னு ஒரே ஒரு வரி. அதை வச்சுக்கிட்டு நான் எங்க போய் உடற்கல்வி டீச்சர் ஆகறது?"

"காலேஜ்ல சேரும்போது உடம்பு நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் குடுத்தியே?"

"அந்த டாக்டர் என் உயரத்தைப் பார்த்தே அசந்துட்டாரு. கையெழுத்துப் போட்டுட்டாரு." பிறகு நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "நீ எழுதியிருக்கறதே நல்லா இருக்குடி. எழுபது. அப்படியே விட்டுடு, என்ன?"

(வாசகர்கள் இவளைச் சுயநலக்காரி என்று நினைப்பார்களோ என்று பயந்து, இவளுக்கு ஒரு நோயாளி அம்மாவையும் இரண்டு தம்பிகளையும் சேர்த்தேன். மறுநாள் மூவரையும் அனுப்பிவிட்டேன். அவளுக்கு அப்படிப்பட்ட கஷ்டம் எதுவும் இல்லை. ஓடுவது பிடிக்கும். ஓட முடியாமல் போவது பிடிக்காது. அதற்கு மேல் காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.)

5

வியாழக்கிழமை மதியம் ஸ்டாப்வாட்ச் சார் குதிரைவாலைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மறுநாள் பன்னிரண்டு நிமிட ஓட்டத் தேர்வு. மேசை மேல் அவள் நோட்டு திறந்து கிடந்தது. பன்னிரண்டு இடத்தில் சிவப்பு வட்டம்.

"பதினேழை நாலால பெருக்கினா எவ்வளவும்மா?"

"அறுபத்தெட்டு சார்."

"பதினெட்டை?"

"எழுபத்திரண்டு."

"அப்ப எழுபது எப்படி வந்துச்சு? பதினேழரை தடவை துடிச்சுதா? அரைத் துடிப்புன்னு ஒண்ணு இருக்கா?"

இருபத்தெட்டு பேர் கண்ணில் படாதது இந்த மனிதர் கண்ணில் பட்டுவிட்டது. நாலால் வகுபடாத எண் அந்த நோட்டில் வரவே முடியாது.

"நெஜமா கையைப் பிடிச்சு எண்ணினியா, இல்ல வீட்டுல உக்காந்து எழுதினியா?"

அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். முப்பது நாள் ஐந்தரை மணிக்கு எழுந்து வந்து எண்ணியவள் அவள். இரண்டு தடவை எண்ணினேன், சார், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வரி சொன்னால் போதும், அவள் பெயர் தப்பித்துவிடும். அடுத்த கேள்வி ஒட்டகத்தைப் பற்றி வரும். சொல்லாவிட்டால் இவள் பொய்க்காரி. ஒட்டகம் நாளைக்கு ஓடுவாள். ஜன்னலுக்கு வெளியே அவள் சுவரில் கை ஊன்றிக் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

குதிரைவால் வாயைத் திறந்து

6

(மேலே வாக்கியம் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன்.)

அ) உண்மையைச் சொல்லிவிடுகிறாள். ஒட்டகத்தை மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை போதும் என்கிறார். தோழிகள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். இதை எழுதி முடித்ததும் எனக்கே வாய் தித்தித்தது.

ஆ) பொய் சொல்கிறாள். மறுநாள் ஐந்தாவது சுற்றில் ஒட்டகம் விழுகிறாள். இதை இரண்டு பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்தது. அதனால்தான் கிழித்தேன். எனக்கு ஒரு நல்ல பத்தி கிடைப்பதற்காக ஒரு பெண்ணைச் சாகடிக்க மனம் ஒப்பவில்லை.

இ) பொய் சொல்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது.

7

நேற்று, ஞாயிற்றுக்கிழமை மதியம், நாத்தனார் வந்து இதுவரைக்கும் படித்தாள்.

"கதைக்கு ரெண்டாவதுதான் நல்லா இருக்கும் அண்ணி. நடந்தது மூணாவது."

வீட்டில் உட்கார்ந்து எழுதினேன் சார் என்று சொல்லியிருக்கிறாள். அவர் அந்த நோட்டை வகுப்பில் தூக்கிக் காட்டி, ரெக்கார்டு எப்படி எழுதக் கூடாது என்று அரைமணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறார். வேறொரு ஜோடியுடன் முப்பது நாளும் மறுபடி செய்ய வைத்தார். படிப்பு முடியும் வரை அவளை யாரும் நேரம் குறிக்கவோ ஸ்கோர் எழுதவோ கூப்பிடவில்லை. ஒட்டகம் ஆறே முக்கால் சுற்று ஓடி முதலாவதாக வந்தாள். பிறகு முழங்கால்களுக்கு நடுவில் தலையை வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

"நான் பக்கத்துல போய் உக்காந்தேன். கையைப் பிடிக்கல. பிடிச்சா எண்ணிடுவேனோன்னு பயம்."

"அப்புறம் டாக்டர்கிட்ட காட்டியிருப்பாளா?"

"தெரியாது. ஏழு வருஷமா நாங்க எல்லாத்தையும் பேசறோம், அதை மட்டும் நான் கேட்டதே இல்ல. கேட்டா, அன்னிக்கு நான் செஞ்சது தப்புன்னு ஆயிடும்ல."

போனை எடுத்து என்னிடம் காட்டினாள். ஒட்டகத்திடமிருந்து வந்த செய்தி: 'அடுத்த மாசம் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். பேர் குடுத்துட்டேன். நீ ஓட வேணாம், முடியற கோட்டுக்குப் பக்கத்துல தண்ணியோட நின்னா போதும். வர்றியா?' செய்தி வந்த தேதியைப் பார்த்தேன். போன மாதம் என் மணிக்கட்டை அவள் விடாமல் பிடித்திருந்த அதே நாள். இன்னும் பதில் போடவில்லை.

"இது அச்சுல வந்தா அவ படிப்பா அண்ணி. பேர் இல்லைன்னா என்ன, அவளுக்குத் தெரிஞ்சிடும். அதுக்கு முன்னாடி நான் பேசிடணும்."

"பேசு."

"எப்படி ஆரம்பிக்கறது? நீங்கதான எழுதறவங்க, முதல் வரி சொல்லுங்க."

யோசித்தேன். 'உன் உடம்பு எப்படி இருக்கு?' இதற்கு நல்லா இருக்கேன் என்று பதில் வந்துவிடும், கதவு மூடிவிடும். 'ஓட வேண்டாம்.' இதைச் சொல்ல இவள் யார் என்று ஆகும். 'நான் அன்றைக்குப் பொய் சொன்னேன்.' அது இவள் பாரத்தை இறக்குவதற்கு, அவளுக்கு உதவாது. நான்காவதாக ஒன்று என் வாயில் வரவில்லை. கூச்சமாக இருந்தது.

அவள் காத்திருக்கவில்லை. எண்ணை அழுத்திவிட்டாள். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்கள். மைதானத்தில் கூப்பிட்டுப் பழகிய குரல், எனக்கே தெளிவாகக் கேட்டது.

"சொல்லுடி! வர்றியா, இல்லையா?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டேன். அவர்கள் பேசுவதைக் கேட்டால் எழுதிவிடுவேன். எழுதும்போது எங்காவது சரிசெய்யவும் செய்வேன், என்னை எனக்குத் தெரியும். நீங்கள் வேண்டுமானால் அங்கேயே இருங்கள். அவள் இன்னும் முதல் வார்த்தையைச் சொல்லவில்லை.