கோணலாக மடிக்கப் பயிற்சி

படிக்க அனுப்பிவிட்டு, படிப்பு வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிற அக்காவை எங்கேயாவது பார்த்ததுண்டா? மருந்துக் கடையில் வேலை பார்க்கும் இந்த அக்கா அப்படித்தான் வேண்டிக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு முப்பத்தைந்து வயது. எதையும் மெதுவாகத்தான் கற்பான். கற்றால் மறக்க மாட்டான். பதினெட்டு முடிந்ததும் சிறப்புப் பள்ளி அவனை வழியனுப்பிவிட்டது. அப்புறம் பல வருஷம் வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, பேசுவதையே நிறுத்திவிட்டான். தொழிற்பயிற்சி மையத்தில் இடம் கிடைத்த பிறகுதான் மறுபடி வாயைத் திறந்தான். அங்கே ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடிக்கக் கற்றுத் தந்தார்கள்.

மையத்துக்கு ஒரு சட்டம்: கற்றுக்கொண்டவன் வெளியேற வேண்டும். வெளியே வேலை தருகிறவர் யார் என்று கேட்டால், அது அவர்கள் துறை இல்லையாம். நல்ல நியாயம்!

அதனால், கற்றுக்கொண்டானா என்று பார்க்கும் மதிப்பீட்டு நாளுக்கு முன்பே அக்கா வீட்டில் தன் பயிற்சியைத் தொடங்கிவிட்டாள். ஓரத்தைச் சேர்க்காதே, கோணலாக மடி, கேட்டால் தெரியாது என்று சொல். அவனுக்கோ தப்பாகச் செய்யச் சுட்டுப்போட்டாலும் வரவில்லை.

அந்த நாளும் வந்தது. மதிப்பிட வந்த அதிகாரியம்மா ஒரு போர்வையை நீட்டினார். தம்பி அக்காவைப் பார்த்துக்கொண்டே கோணலாகத்தான் ஆரம்பித்தான். பாதியில் பொறுக்க மாட்டாமல் உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கச்சிதமாக மடித்து வைத்துவிட்டான்.

வீட்டிலும் மடித்துப் பழகுவாரா என்று அதிகாரியம்மா கேட்டார்.

"அக்கா தினமும் சொல்லித் தர்றா, தப்பா மடிக்க," என்றான் தம்பி. "எனக்குத்தான் இன்னும் வரல."

குட்டு உடைந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரியம்மா பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். அவரும் மனுஷிதானே.

"இன்னும் வரலன்னா, இன்னொரு வருஷம் பயிற்சி வேணும்தான்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் நிறுத்தம் வரை சிரித்துக்கொண்டே வந்தாள். தம்பி சிரிக்கவில்லை.

"நான் பாஸா அக்கா?"

"இல்லடா. அடுத்த வருஷமும் இங்கதான்."

"நல்லாத்தானே மடிச்சேன்?"

நன்றாகத்தான் மடித்தாய் என்று சொல்ல வாயெடுத்தவள், நடுரோடு என்றும் பாராமல் அழுதுவிட்டாள். அவன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அழாத அக்கா. அடுத்த வருஷம் இன்னும் நல்லா மடிக்கறேன்."